பூச்சிகளின் ஓசையை வைத்து ஒலிக்கலை செய்ய முடியுமா? கடலூரில் இருந்தபடி எப்படித் தொடங்குவது?

தாராளமாக முடியும். அமெரிக்கக் கலைஞர் டேவிட் டன், நியூ மெக்சிகோவில் பைன் மரப்பட்டைக்குள் வாழும் வண்டுகளின் ஒலிகளைத் தொகுத்து 2006இல் ஓர் இசைத்தட்டாகவே வெளியிட்டார்.

நம் காதில் விழுவது பூச்சிகளின் பேச்சில் சிறு பகுதிதான். ஆண் சுவர்க்கோழி முன்சிறகுகளை உரசிப் பெண்ணை அழைக்கும். சிள்வண்டு வயிற்றுப் பக்கவாட்டுச் சவ்வைத் தசையால் இழுத்துவிட்டு ஒலி எழுப்பும். தத்துப்பூச்சிகளில் பலவோ செடித்தண்டை அதிரவைத்தே பேசுகின்றன. பக்கத்தில் நின்றாலும் நமக்குக் கேட்காது. கலைக்கு வளமான இடம் இதுதான் என்பேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் பீசோ தகடு (அதிர்வை மின்சாரச் சைகையாக மாற்றும் சிறு வட்டு), சின்ன ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டர் போதும். தகட்டைச் செடித்தண்டோடு கிளிப் போட்டு இறுக்குங்கள். காற்று அடித்தால் பதிவு கெட்டுவிடும். கடலூரில் பிற்பகல் கடற்காற்றைத் தவிர்த்து விடியற்காலையில் போங்கள். பண்ருட்டிப் பக்கம் தெரிந்தவர்களின் முந்திரித் தோப்பு இருந்தால், தண்டுத்துளைப்பான் தாக்கிய மரத்திலும் வைத்துப் பாருங்கள். அது பேச்சல்ல, புழு கட்டையைக் குடையும் ஓசை; ஆனாலும் அருமையான மூலப்பொருள்.

ஒவ்வொரு பதிவுக்கும் நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். சூடு கூடக்கூடச் சுவர்க்கோழியின் தாளம் வேகமெடுக்கும், ஆகவே இரவு முழுக்கப் பதிந்தால் அந்த வேகமாற்றமே உங்கள் படைப்பின் அமைப்பாகலாம்.