சந்தோஷம் வராவிட்டால் விசுவாசக் குறைவா?

கேள்வி: கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், நுண்கடன் தவணையும் பிள்ளைகளின் படிப்பும் என் தலையில். ஆலயத்தில் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று கேட்கும்போது, எனக்கு விசுவாசம் இல்லையோ என்ற குற்றவுணர்வே மிஞ்சுகிறது. – வாசகி, பெரியகல்லாறு

பதில்: சகோதரி, பிலிப்பி சபையாருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வசனத்தை எழுதியபோது அப்போஸ்தலனாகிய பவுல் சிறையில் இருந்தார் என்பதைப் பிரசங்கங்களில் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. கவலைப்படாதிருங்கள் என்ற கையோடு, விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்றும், அப்போது எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தைக் காக்கும் என்றும் அதே கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆகவே தவணைத் தொகையைச் சொல்லியே ஜெபிக்கலாம், 13ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று கேட்டதுபோல முறையிடவும் செய்யலாம். சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தன, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான் (1 இராஜாக்கள் 19). நீங்கள் கடைசியாக நிம்மதியாக உறங்கியது எப்போது? தவணைக்கு முந்தின இரவு கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, நேரத்தோடு படுங்கள். கடன் விவரத்தைக் கணவரிடமும், சபையில் நம்பிக்கையான ஒரு மூத்த பெண்மணியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் மட்டும் எடுக்காதீர்கள்.