மாடு பாய்ந்த அந்த ஒரு நொடி: விபத்துக்குப் பின் மனசும் உடம்பும் – கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: அண்ணே, திருமயம் ரோட்டுல ராத்திரி கார்ல வந்தப்ப கருவைப் புதருக்குள்ள இருந்து மாடு பாஞ்சிருச்சு. 60-லதான் வந்தேன். மாடு செத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் சுதாரிச்சிருக்கலாமோன்னு மனசு அரிக்குது.

கணக்கைப் பாருங்க தம்பி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயிருப்பீங்க. காய்ந்த தாரில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேணும். மாடு 15 மீட்டரில் பாய்ந்திருந்தா, கால் பிரேக்குக்குப் போகுமுன்னே இடி விழுந்திருக்கும். அந்த இடத்தில் யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஸ்டீயரிங்கை ஒடிக்காததும் நல்லதுதான். ஒடிச்சிருந்தா ஓரத்துச் சரளையில் சக்கரம் வழுக்கி, வண்டி கவிழ்ந்திருக்கலாம், இல்லாட்டி எதிரே வந்தவர் மேல ஏறியிருக்கலாம். "இப்படிச் செஞ்சிருந்தா" என்று மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அதிர்ச்சியின் இயல்பு. அதை வச்சு உங்க மேல தப்புன்னு முடிவு கட்டாதீங்க. காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு முழுக் காப்பீடு இருந்தாத்தான் பணம் வரும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தா வராது. காப்பீட்டு நிறுவனம் அனுப்புற சர்வேயர் சேதத்தைப் பார்க்கிறதுக்கு முன்னே பழுது பார்க்க விடாதீங்க.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: பேரனுக்கு அடிபட்டு மூணு வாரமாச்சு. காயம் ஆறிருச்சு. ஹாரன் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது, பைக்கைத் தொடவே மாட்டேங்கிறான்.

ஆச்சி, முதல் ஒரு மாசம் இது பெரும்பாலும் வர்றதுதான். படபடப்பு, கனவு, எரிச்சல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். பார்க்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "எப்படிப்பா நடந்துச்சு?" என்று முதலிலிருந்து சொல்ல வைக்காதீங்க. வளவில் உட்கார்ந்து பத்துப் பேர் கேட்டா, பத்துத் தடவை அவன் அந்த இடத்துக்கே திரும்பிப் போவான். அவனா பேசினா கேளுங்க, அது போதும். மருத்துவர் சொல்லாம தூக்க மாத்திரை வேண்டாம்.

பைக்கை ஒரேயடியா ஒதுக்கினா பயம் வளரும். முதல் ரெண்டு மூணு நாள் நிறுத்தின வண்டியில் சும்மா உட்காரட்டும். அப்புறம் எஞ்சினைப் போட்டு அஞ்சு நிமிஷம். பிறகு தெருவுக்குள்ள ஒரு சுற்று. நெஞ்சுப் படபடப்பு பாதியா அடங்கும்வரை அதே படியில் நிக்கட்டும். விபத்து நடந்த இடத்தைக் கடைசியா, முதலில் பஸ்ஸில் கடக்கட்டும். ஒரு மாசம் தாண்டியும் தூங்காம இருந்தா 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்க. தமிழில் பேசுவாங்க, கட்டணம் இல்லை. சாகணும்ங்கிற மாதிரி பேச்சு வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க.

பள்ளத்தூர்: தைப்பூசப் பாதயாத்திரை நேரம். ரோட்டில் ஒருத்தர் விழுந்து கிடந்தா தொடலாமா? போலீஸ் கேஸில் இழுப்பாங்களே?

தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவுபவரைக் காப்பாத்துது, பேரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதலில் உங்க வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி நாலு பக்க விளக்கையும் எரியவிட்டு, பிறகு 108. ரத்தம் கொட்டினா சுத்தமான துண்டை மடிச்சு வச்சு, பத்து நிமிஷம் எடுத்துப் பார்க்காம அழுத்துங்க. மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கலாம். இங்கே உடனே சோடாவை உடைச்சுக் கொடுப்பாங்க, அது கூடவே கூடாது. மயங்கினவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிடும், அறுவை சிகிச்சைக்கும் இடைஞ்சல். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை பணம் கட்ட வேண்டாம்.

குன்றக்குடி: தலையில் லேசான அடி. ஸ்கேன் வேணுமா?

நினைவு தப்பியிருந்தா, ஒரு தடவைக்கு மேல வாந்தி வந்தா, எழுப்ப முடியாம தூங்கினா, ஒரு கண்மணி பெரிசா தெரிஞ்சா உடனே போங்க. இல்லாட்டியும் 24 மணி நேரம் தனியா விடாதீங்க.

புதுவயல்: இடிச்ச லாரி நிக்காமப் போயிருச்சு. நம்பர் தெரியாது.

அப்பவும் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நகல், சிகிச்சைச் சீட்டு மூணையும் பத்திரமா வச்சு, கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிச்சு விண்ணப்பம் கொடுங்க. பின்னாடி நம்பர் கிடைச்சா, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் மனுப் போட்டுடுங்க.