காலிப்பர் கடிக்கிறதே, டாக்டர்!

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஏழு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் பாதம் தொங்குகிறது, காலை இழுத்துத்தான் வைக்கிறார். செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. சர்க்கரையும் உண்டு. பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்க, கடையில் 'மீடியம்' சைஸ் பிளாஸ்டிக் காலிப்பர் வாங்கினோம். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பில் உரசிப் புண்ணாகிவிட்டது. அளவெடுத்துச் செய்தால் சரியாகுமா? அதை மாட்டினால் கால் சோம்பேறியாகிவிடும் என்று உறவினர் சொல்கிறார். உண்மையா? (திண்டிவனம் வாசகி)

பதில்: முதல் வேலையாக அந்தக் காலிப்பரைக் கழற்றி வையுங்கள். புண் ஆறும் வரை வேண்டாம். சர்க்கரை உள்ளவரின் காலில் புண் என்றால், சிறியதாக இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

செருப்பு கழன்றது தெரிவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்பாவின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. நமக்குச் செருப்பு கடித்தால் உடனே கழற்றிவிடுவோம். அவருக்குக் கடிப்பதே தெரியாது. அதனால் அவருக்குக் கடையில் தொங்கும் சைஸ் சரிப்படாது. அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

எங்கள் துறையில் இந்தக் காலிப்பரை ஏ.எஃப்.ஓ. (ankle-foot orthosis, கணுக்கால்-பாதத் தாங்கி) என்போம். அளவெடுப்பது என்றால் டேப் வைத்து அளப்பதல்ல. முழங்காலுக்குக் கீழே மெல்லிய உறை மாட்டி, அதன்மேல் மாவுக்கட்டுப் போடுவார்கள். மாவு இறுகும் வரை தொழில்நுட்பர் அப்பாவின் பாதத்தைத் தன் கையில் ஏந்தி, 90 டிகிரியில் நிறுத்திப் பிடித்திருப்பார். அந்தச் சில நிமிடங்களில்தான் பாதி வேலை இருக்கிறது. பாதம் உள்பக்கம் திரும்பிய நிலையில் இறுகிவிட்டால் காலிப்பரும் அப்படியேதான் வரும். பிறகு மாவுக்கட்டை வெட்டி எடுத்து, அந்தக் கூட்டுக்குள் மாவு ஊற்றிக் காலின் அச்சை எடுப்பார்கள். கணுக்கால் எலும்பு வரும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக மாவு அப்புவார்கள். சூடாக்கி இளக்கிய பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை இந்த அச்சின்மேல் படியவைக்கும்போது, எலும்பு உரசாமல் இருக்க அங்கே ஒரு குழிவு கிடைக்கும். கடைச் சரக்கில் அந்தக் குழிவு அப்பாவின் எலும்புக்கு நேராக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. பாதம் வெறுமனே தொங்குகிறதா, விறைத்து உள்பக்கம் இழுக்கிறதா? காலை ஊன்றும்போது முட்டி மடிகிறதா, பின்பக்கம் வளைகிறதா? தொங்கல் மட்டும் என்றால் வளைந்து கொடுக்கும் மெல்லிய வகை போதும். விறைப்பும் இருந்தால் கணுக்காலின் முன்பக்கம் வரை சுற்றிவரும் கெட்டி வகை தேவைப்படலாம். இதை நடக்கவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், கடிதத்தில் முடியாது.

சோம்பேறிக் கதைக்கு வருவோம். பெருவிரல் தட்டி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் கால்தான் சோம்பேறியாகும். காலிப்பர் போட்டால் அதிகம் நடப்பார். கழற்றிய நேரத்தில் பிசியோதெரபியும் கெண்டைக்கால் சதையை நீட்டும் பயிற்சியும் தொடர வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சதை சுருங்கி, குதிகால் தரையில் படாமல் போய்விடும்.

புதியது வந்ததும் ஒரேயடியாக மாட்டிவிடாதீர்கள். பருத்திக் காலுறை போட்டு, முதல் நாள் அரைமணி நேரம். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். கழற்றியதும் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் மாட்டாமல் செய்தவரிடமே கொண்டுபோங்கள், ஓரத்தைத் தேய்த்தோ சூடாக்கி விரித்தோ தருவார். இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை கடித்ததும் பரணில் போய் உட்கார்ந்துவிட்ட காலிப்பர்கள் எத்தனையோ! வீட்டிலேயே காஸ் அடுப்பில் காட்டி வளைத்து எடுத்துவந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நம் வீடுகளில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் வேறு. டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயும் பட்டை வைத்த ஷூ வேண்டும், அதுவும் ஒரு சைஸ் பெரிதாக.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். அங்கேயும் இதற்கான துறை இருக்கிறது. குறைந்தது 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால், வருமான வரம்பைப் பொறுத்து ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் வழி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அளவு கொடுக்கப் போகும்போது அப்பாவின் பழைய வலது செருப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்க வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.