ரிக் வேதத்துத் தெய்வங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரிக் வேதத்தில் சிவனும் திருமாலும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் இன்றைய இடத்தில் இல்லை. மொத்தம் 1028 சூக்தங்கள், அதாவது துதிப்பாடல்கள். அதில் ஏறக்குறைய கால்பங்கு இந்திரனுக்கே போகிறது, அடுத்தது அக்னி. விஷ்ணுவுக்கென்று முழுதாக உள்ளவை மிகச் சில. ஆனாலும் மூன்றடியால் உலகளந்த செய்தி அதிலேயே வந்துவிடுகிறது.

'சிவ' என்ற சொல் அங்கே 'மங்களமான' என்று பொருள்படும் அடைமொழிதான். தெய்வத்தின் பெயர் ருத்ரன். கையில் வில், சினந்தால் நோய். ஆனால் மருந்தும் அவனிடம்தான். 'எங்கள் பிள்ளைகளை, மாடுகளை, குதிரைகளை வதைக்காதே' என்று ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், அதாவது முதல் பகுதியில், கெஞ்சுகிறார்கள். இதே மந்திரம் யஜுர் வேதத்து ஸ்ரீருத்ரத்திலும் வருகிறது. 'நமச் சிவாய' என்ற தொடரும் அந்த ருத்ரத்தில்தான் இருக்கிறது. சிவன் கோயில் அபிஷேகத்தில் ருத்ரம் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். அச்சம் மெல்ல மெல்ல அன்பாக மாறுவது புரியும்.

கேள்வி: புராணத்தில் இந்திரன் எப்போதும் பயந்துகொண்டே இருக்கிறானே?

புராணத்தை வைத்து வேதத்து இந்திரனை எடைபோடுவது நியாயமில்லை. நீரை அடைத்துக் கிடந்த விருத்திரனை வஜ்ராயுதத்தால் பிளந்து ஆறுகளைத் திறந்துவிட்டவன் அவன். நம் பக்கமும் அவனுக்கு மதிப்பு இருந்தது. புகாரில் நடந்த இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் விரிவாகவே சொல்கிறது.

கேள்வி: வேத காலத்தில் கோயில் உண்டா?

கிடையாது. வேள்விக்களம்தான். தீயில் இடும் அவியைத் தேவர்களிடம் கொண்டுசேர்ப்பவன் அக்னி.

கேள்வி: முப்பத்து முக்கோடி தேவர்கள் என்பது வேதத்தில் இருக்கிறதா?

வேதம் சொல்வது 33. பிருகதாரண்யக உபநிடதத்தில் சாகல்யர் 'தேவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்க, யாக்ஞவல்கியர் முதலில் 3306 என்கிறார். சாகல்யர் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார். 33, 6, 3, 2, ஒன்றரை என்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்று! அந்த 33 யார் என்றால் வசுக்கள் 8, ருத்ரர்கள் 11, ஆதித்யர்கள் 12, இந்திரன், பிரஜாபதி.

கேள்வி: எழுதி வைக்காமல் பிழையில்லாமல் எப்படிக் காத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கி.மு. 1500 முதல் 1000 வரை இயற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் பலர் கருதும் பாடல்கள், வாய்வழியாகவே வந்தன. முதலில் பதம் பிரித்து ஓதுவார்கள். அப்புறம் கிரமம்: ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. ஜடையில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு. கனபாடம் இன்னும் சிக்கலானது. ஒரு சொல் நழுவினாலும் அடுத்த சுற்றில் மாட்டிக்கொள்ளும். குறுந்தொகை 156-ஆம் பாட்டு வேதத்தை 'எழுதாக் கற்பு', அதாவது எழுதாமல் கற்கும் கல்வி, என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறது.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

ஏழாம் மண்டலத்து 86-ஆம் சூக்தம். வசிஷ்டர் வருணனிடம் பேசுவது. 'உன்னைப் பாடும் நண்பனையே கொல்ல நினைக்கும்படி நான் செய்த பெரிய குற்றம் என்ன?' என்று கேட்கிறார். அப்புறம் அவரே, 'என் விருப்பத்தால் செய்யவில்லை. கள், கோபம், சூதாட்டம், அறியாமை' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்.