நின்றால் நடுங்கும் ஆட்டோமேட்டிக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வட சென்னையிலிருந்து வந்திருக்கும் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பின்னால், தேவையில்லாமல் மாற்றிய ஒரு பாகமும் அதற்குக் கொடுத்த பணமும் இருக்கின்றன. அதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எந்தக் கியரில் நடுங்குகிறது, ஏசி போட்டால் கூடுகிறதா என்று முதலில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ‘டி’யில் (முன்னே ஓட்டும் கியர்) பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிர்கின்றன. ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்றினால் அடங்கிவிடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். (திருவொற்றியூர்)

கியர்பாக்ஸைக் கழற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். டார்க் கன்வர்ட்டர் (என்ஜின் சக்தியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள கார் ‘டி’யில் நிற்கும்போது, சக்கரம் அசையாவிட்டாலும் என்ஜின் கன்வர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுமையில் என்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்டுகள்மேல் சற்று முறுக்கிக்கொள்ளும். மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தாலோ, திரவம் நிரப்பிய மவுண்ட் கசிந்திருந்தாலோ அதிர்வு நேராக பாடிக்கு ஏறிவிடும். ‘என்’னில் அந்தச் சுமை கிடையாது.

சமதளத்தில் கை பிரேக்கைப் போட்டு, ஒருவர் கால் பிரேக்கை முழுவதும் மிதித்தபடி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ‘டி’, ‘ஆர்’ (ரிவர்ஸ்) என்று மாற்றட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது. ‘ஆர்’ போட்டால் முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். ஏதோ ஒரு கியரில் மட்டும் என்ஜின் துள்ளி எழுந்தால் மவுண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மவுண்ட் நன்றாக இருந்தால் ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகு பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரை இருக்கும். ‘டி’ போட்டதும் 500க்குச் சரிந்தால் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்த பின் பல கார்களில் ஐடிலிங்கை ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்து மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அதையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

‘பி’ (பார்க்கிங்), ‘என்’, ‘டி’ எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடுங்குகிறது. புது மவுண்ட் போட்டும் பயனில்லை. என்ஜின் விளக்கு சில நேரம் விட்டுவிட்டு எரிகிறது. (பெரம்பூர்)

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகலாம், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகலாம். ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் என்று பொருள். அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் கோளாறு காயிலில். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு என்று வரிசையாகப் பார்க்கலாம். விளக்கு விட்டுவிட்டு எரியும்போது காரை ஓட்டாதீர்கள்; எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது விலை கூடிய பாகம்.

ஐடிலிங்கில் அடியிலிருந்து தகரம் அதிரும் சத்தம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் நின்றுவிடுகிறது. (காசிமேடு)

சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கலாம். கடற்கரைக் காற்றின் உப்பில் அதன் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தளரும். குழாய் ஆறிய பிறகு கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும்.

வியாசர்பாடியில் தேங்கிய மழைநீரில் ஓட்டிய பிறகு ‘டி’யில் நிற்கும்போது ஊளையிடும் சத்தம் வருகிறது. ஓட்டலாமா? (வியாசர்பாடி)

ஓட்டக் கூடாது, இன்னொரு முறை ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். எண்ணெய் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் பூச்சு நீரில் ஊறி உரிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டரும் கெடுதல்தான். கயிறு கட்டி இழுக்காமல், நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி மேடை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

ஏஎம்டி கார். நிற்கும்போது நடுக்கம் இல்லை. பிரேக்கை விட்டதும் குலுங்குகிறது. (தண்டையார்பேட்டை)

ஏஎம்டி என்பது கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்; அதில் டார்க் கன்வர்ட்டர் கிடையாது. பிரேக்கில் நிற்கும்போது கிளட்ச் விலகியிருக்கும், விட்டதும் மெல்லப் பிடிக்கும். பிடிக்கும் நேரத்தில் மட்டும் குலுங்கினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் ஸ்கேனர் வைத்து கிளட்ச் பிடிக்கும் இடத்தை மறுபடி அமைத்தாலே பல கார்களில் சரியாகிவிடும்.