வயலை விற்றுத்தான் ஜெர்மனி போக வேண்டுமா?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. எலெக்ட்ரிக்கல் கடைசி வருடம் படிக்கிறாள். சிஜிபிஏ 7.8, அரியர் கிடையாது. ஜெர்மனியில் மாற்று எரிசக்தி சம்பந்தமாக எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறாள். ஜங்ஷனில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். "எங்களுக்கு ஃபீஸ் எதுவும் வேண்டாம், பெர்லினில் சீட் ரெடி" என்கிறார்கள். படிப்புக்கு 13 லட்சமாம், அது போக பேங்கில் 12 லட்சம் கட்ட வேண்டுமாம். பத்து நாளில் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. கேட்டு வந்த ஆளும் இருக்கிறார். விற்றுவிடலாமா? அவளுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. அவள் அம்மாவோ "பொம்பளப் பிள்ளை அங்கே எங்கே தங்குவா" என்று அழுதுகொண்டிருக்கிறாள்.
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்:

அண்ணாச்சி, வயலை இப்போது விற்காதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள். பத்து நாள் கெடு வைத்து விற்கிற சீட்டை நம்பி இருபோகம் விளைகிற நிலத்தைக் கொடுக்க வேண்டாம்.

கன்சல்டன்சி உங்களிடம் காசு வாங்கவில்லை என்றால் அவர்களுக்கு வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆள் சேர்த்துவிட்டால் தனியார் கல்லூரிகள் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரிடம்கூடப் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகத் தொகை மட்டும் உண்டு. கட்டணமே இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? கன்சல்டன்சியில் உட்கார்ந்திருந்தபோது அரசுப் பல்கலைக்கழகம் என்ற பேச்சே வந்திருக்காதே! விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து எம்.எஸ். படிப்புகளுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்துவிட்டது. தனியார் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. 7.8 வாங்கி அரியர் இல்லாமல் படிக்கிற பிள்ளை, இலவசக் கதவைத் தட்டிப் பார்க்காமலே காசு கொடுக்கும் கதவுக்குள் ஏன் நுழைய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்த 12 லட்சத்தை உங்களுக்குச் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது. அது யாருக்கும் கட்டுகிற பணம் இல்லை. அதற்குப் பெயர் பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்காக, ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காக, உங்கள் மகள் பெயரிலேயே 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அவளுக்கே திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். அட்மிஷன் கடிதம் கையில் வந்த பிறகு, விசாவுக்குப் போகும்போது போட்டால் போதும்.

ஆக முதலில் ஆகிற செலவு விண்ணப்பச் செலவு மட்டும்தான். இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் என்ற சான்றுக்கு 18,000 ரூபாய். இது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் வாங்குகிற யூனி-அசிஸ்ட் அமைப்புக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அப்புறம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, டிரான்ஸ்கிரிப்ட் என்ற மொத்த மதிப்பெண் பட்டியல், கூரியர். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஒருவேளை எங்குமே கிடைக்காமல் போனாலும் நஷ்டம் அவ்வளவுதான், வயல் உங்களிடமே இருக்கும்.

மகளின் மார்க் போதுமா? ஜெர்மனியில் 1 என்பதுதான் முதல் தரம், எண் கூடக் கூடத் தரம் குறையும். நம் மார்க்கை மாற்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சிக்கு 5 என்று வைத்துப் பார்த்தால் 7.8 அங்கே ஏறக்குறைய 2.3 ஆகிறது. பல எம்.எஸ். படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. அதனால் தாராளமாக முயலலாம். ஆனால் மார்க்கை மட்டும் பார்த்து அவர்கள் இடம் தருவதில்லை. நாலு வருடத்தில் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கிற பாடங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கல்லூரியில் சிலபஸ் முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் இணையதளத்தில், ஆங்கிலத்தில் நடக்கிற படிப்புகளை, கட்டணம் இல்லாதவை என்று பிரித்தே பார்க்க முடியும். டென்மார்க் எல்லைப் பக்கம் ஃபிளென்ஸ்பர்க்கில் காற்றாலைப் பொறியியலுக்கென்றே ஒரு எம்.எஸ். இருக்கிறது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1987-லிருந்து மாற்று எரிசக்திப் படிப்பு நடத்துகிறது. பெர்லின், மியூனிக் என்று பெரிய ஊர்ப் பெயர்களையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அங்கே வாடகையே பாதிப் பணத்தைத் தின்றுவிடும்.

இனி, ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுத வேண்டிய கடிதம். கன்சல்டன்சிகள் இதைத் தாங்களே எழுதித் தருகிறார்கள். 'சிறு வயது முதலே தொழில்நுட்பத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கும். அதையே நூறு பேர் அனுப்பியிருப்பார்கள், படிப்பவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கோ எழுத விஷயம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. நாகர்கோவில் பஸ்ஸில் போனால் வள்ளியூர் தாண்டி பணகுடிப் பக்கம் இரண்டு புறமும் காற்றாலைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அந்தக் காற்று ஏன் அப்படிப் பாய்கிறது, ஆடியில் உச்சத்துக்குப் போகிற மின்சாரத்தை முழுவதும் வாங்கிக்கொள்ள முடியாமல் சில நேரம் காற்றாலைகளை ஏன் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள், கயத்தாற்றுக் காற்றாலைச் சோதனை நிலையத்தில் என்ன நடக்கிறது, கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடு ஆலை வந்திருக்கிறதே, அங்கே என்ன வேலை இருக்கிறது? இவற்றில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்து, அதற்குத் தான் படித்த எந்தப் பாடம் பதில் சொன்னது, எது சொல்லவில்லை, அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் சொல்லும் என்று ஒரு பக்கம் எழுதட்டும். இங்கிலீஷ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. கடைசி வருட ப்ராஜெக்டையும் காசு கொடுத்து வாங்காமல் இதையொட்டி அவளே செய்தால் இன்னும் நல்லது.

வயல் விஷயத்துக்கு வருகிறேன். "விற்காவிட்டால் அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். பொதுவாக விவசாய நிலத்தை வங்கிகள் கல்விக்கடனுக்கு ஈடாக ஏற்பதில்லை. கடன் திரும்பி வராவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு இருக்கிற சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதுதான் காரணம். வீடோ வீட்டு மனையோ இருந்தால் அதை வைக்கலாம். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமலே அரசு வங்கிகளில் கேட்கலாம், அதற்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, உங்கள் கணக்கு இருக்கிற கிளைக்கு நேரில் போங்கள். வீட்டுப் பத்திரம் இன்னும் உங்கள் அப்பா பெயரில் கிடந்தால் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம் எல்லாவற்றையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பி கையெழுத்துக்கு அலைவதிலேயே ஒரு பூ, அதாவது ஒரு போகம், போய்விடும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும் என்பதை மகளும் தெரிந்து வைத்திருக்கட்டும். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பாக இருந்தால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைப் பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கடனே தேவைப்படாமல் போகலாம்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதது ஒரு வகையில் நல்லதுதான். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டு விண்ணப்பங்கள் ஒவ்வொன்றிலும் சிக்கல். இனிஷியலை விரித்து, உங்கள் பெயரை அந்தக் கட்டத்தில் போடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஐஇஎல்டிஎஸ், ஏபிஎஸ் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டும், ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. பத்தாம் வகுப்புச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். என்ன, அங்கே பேராசிரியர்கள் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குச் சில இடங்களில் மார்ச்சிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், பல இடங்களில் மே 31 அல்லது ஜூலை 15. அதனால் மாசி, பங்குனியில் வரும் பிசான நெல் அறுப்பு முடிவதற்குள் படிப்புகளின் பட்டியலும் ஐஇஎல்டிஎஸ் மார்க்கும் கையில் இருந்தால் நல்லது. இந்த வருடம் தவறினாலும் குடி முழுகிவிடாது. ஒரு வருடம் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு ஜெர்மன் மொழி படிக்கட்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் கடையில், பகுதி நேர வேலையில், பிற்பாடு கம்பெனியில் ஜெர்மன்தான். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், மொழி தெரியாத பிள்ளைக்கு வேலை கிடைப்பது கஷ்டம்.

அவள் அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அங்கே மாணவர் நல அமைப்புகள் நடத்தும் விடுதிகள் உண்டு. தனி அறை, பொதுச் சமையலறை, வெளி வாடகையைவிட மலிவு. ஆனால் அறைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், சில ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே, பல இடங்களில் அதற்கு முன்பேகூட, பெயரைப் பதிந்துவிடலாம். அறையைப் பார்க்காமலே முன்பணம் அனுப்பச் சொல்லும் தனியார் விளம்பரங்களுக்கு மட்டும் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். விடுதிப் பதிவு ஆன தாளை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு அப்புறம் விசாவுக்கு நாள் வாங்குங்கள்.