ஆம்பளன்னா இப்படி, பொம்பளன்னா இப்படின்ற எதிர்பார்ப்பு நெருக்கமான உறவை எப்படி பாதிக்குது? ரெண்டு பேருக்கும் லவ் இருந்தா அதெல்லாம் காணாம போயிடாதா?

போகாதுங்க. என்னை கேட்டா மத்த எந்த இடத்தையும் விட அங்கதான் அது ரொம்ப ஸ்ட்ராங்கா வேலை செய்யுது. ஏன்னா வேற எந்த விஷயம்னாலும் நாலு பேர் எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்து நாமளே ஒரு முடிவுக்கு வரலாம், செக்ஸ் விஷயத்துல யாரையும் பாக்க முடியாது, வெளிப்படையா கேக்கவும் முடியாது. காதுல விழுந்தது, படத்துல பாத்தது, ஃப்ரெண்ட்ஸ் பெருமைக்கு சொன்னது, இதை வெச்சுத்தான் எல்லாரும் ஆரம்பிக்கறோம்.

நான் கல்யாணமான பொண்ணு, நெருங்கின தோழிங்க கூட இதையெல்லாம் வெளிப்படையா பேசற பழக்கம் எங்களுக்கு உண்டு. அப்படி பேசினதுலயும் படிச்சதுலயும் எனக்கு திரும்ப திரும்ப தெரிஞ்ச விஷயம் ஒண்ணுதான். பொண்ணால "எனக்கு வேணும்"னு சொல்ல முடியல, ஆம்பளையால "எனக்கு இன்னைக்கு வேணாம்"னு சொல்ல முடியல. மத்த பிரச்சனைகள்ல பாதிக்கு மேல இதுலருந்துதான் கிளம்புதுன்னு நான் நம்பறேன். ஜான் கேக்னான், வில்லியம் சைமன்னு ரெண்டு சமூகவியலாளர்கள் 1973-லயே இதை சொல்லிட்டாங்க, செக்ஸ்ங்கறது உடம்புலருந்து தானா பொங்கி வர்றது மட்டும் இல்ல, நாடகம் மாதிரி யார் முதல்ல பேசணும், யார் தயங்கணும், எப்போ முடியணும்னு ஏற்கனவே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, நாம அதை மனப்பாடம் பண்ணி நடிக்கறோம்னு.

பொண்ணு பக்கம் முதல்ல பாப்போம். ஆசைய வாய்விட்டு சொன்னா "இவளுக்கு இதெல்லாம் எப்படி தெரியும்"னு சந்தேகம் வரும், அதனால நல்ல பொண்ணு முதல்ல வேணாம்னுதான் சொல்லணும்னு ஆயிடுச்சு. பாக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா இதோட விளைவு பயங்கரமானது. அவ சரின்னு சொல்ல அனுமதியே இல்லாதப்போ, அவ "வேணாம்"னு சொல்றதையும் யாரும் நம்ப மாட்டாங்க. வெக்கப்படறா, கொஞ்சம் கெஞ்சினா சம்மதிச்சிடுவான்னு எடுத்துப்பாங்க. நிஜமாவே பிடிக்காம வேணாம்னு சொல்றவளுக்கும் வெக்கத்துல சொல்றவளுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நாமளே பண்ணி வெச்சிருக்கோம். சட்டமும் இதே வழியிலதான் போச்சு. இங்கிலாந்துல மேத்யூ ஹேல்னு ஒரு நீதிபதி, அவர் இறந்து ரொம்ப நாள் கழிச்சு 1736-ல அச்சான புத்தகத்துல, கல்யாணம் பண்ணிக்கிட்டப்பவே மனைவி தன்னை ஒப்புக்கொடுத்துட்டா, அதை அவ திரும்ப எடுத்துக்க முடியாதுன்னு எழுதி வெச்சார். அந்த ஒரு கருத்த வெச்சுத்தான் அங்க மனைவிய பலாத்காரம் பண்ண கணவன் மேல அந்த குற்றத்துக்கு கேஸ் போட முடியாம இருந்துச்சு, அப்போ அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை அதை தள்ளுபடி பண்ணது 1991-ல. அவ வாயால சொல்லவே சொல்லாத ஒரு "சரி"ய இத்தனை காலம் சட்டமே அவளுக்காக சொல்லிட்டு இருந்திருக்கு. இதை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது.

ஆம்பளைங்க பக்கம் யாரும் அவ்வளவா பேசறதில்ல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆம்பள எப்பவும் ரெடியா இருக்கணும், அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும், அவன்தான் ஆரம்பிக்கணும். அவன் களைச்சு போயிருக்கலாம், வேலை போயிடுமோன்னு பயத்துல இருக்கலாம், சும்மா கட்டிப்பிடிச்சு தூங்கணும்னு மட்டும் தோணலாம், ஆனா அதை சொன்னா ரெண்டு விதமா அர்த்தம் ஆகும், ஒண்ணு "உனக்கு ஏதோ கோளாறு", இல்லனா "என்னை உனக்கு பிடிக்கல". மனைவியும் அதே விதிகள்ல வளந்தவதானே, ஆம்பளைக்கு எப்பவும் ஆசை இருக்கும்னு நம்பறவளுக்கு அவன் ஒரு நாள் வேணாம்னா தன்கிட்ட ஏதோ குறைன்னுதான் தோணும். அதனால அவன் இஷ்டமில்லாமலே ஆரம்பிப்பான், உடம்பு ஒத்துழைக்காது, அடுத்த தடவை பயத்தோட வருவான். மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு அமெரிக்க செக்ஸ் ஆய்வாளர்கள் 1970-லயே இதை விவரிச்சாங்க, அந்த நேரத்துல ஆள் அங்க இல்லாம, வெளியில நின்னு "நான் சரியா பண்றேனா"ன்னு தன்னையே வேடிக்கை பாத்துட்டு இருப்பார், அந்த பதட்டமே பிரச்சனைய பெருசாக்கும். 1998-ல வயாகரா வந்துச்சு, ரத்த ஓட்ட பிரச்சனைக்கு அது நல்ல மருந்துதான், ஆனா தேர்வு எழுதற பயத்தோட படுக்கைக்கு வர்றவரோட பயத்த அது என்ன பண்ணும்?

2010-ல அமெரிக்கால காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, உச்சம் வந்த மாதிரி நடிச்சதுண்டான்னு கேட்டு. பொண்ணுங்கள்ல 50 சதவீதம், சரி எதிர்பாத்ததுதான், ஆனா ஆண்கள்லயும் 25 சதவீதம் பேர் ஆமான்னாங்க. காரணம் கேட்டா, எப்படியும் வரப்போறதில்ல, முடிஞ்சா போதும்னு இருந்துச்சு, கூட இருக்கறவங்க மனசு நோகக்கூடாது, இதெல்லாம்தான். "போதும், இன்னைக்கு இவ்வளவுதான்"னு ஒரு வரி சொல்ல முடியாததுக்கு பதிலாதான் ரெண்டு பக்கமும் நடிப்பு நடக்குது.

இந்த ஸ்கிரிப்ட்ல எது தொடக்கம், எது முடிவுங்கறதும் ஆண் உடம்ப வெச்சுத்தான் எழுதியிருக்கு. அவருக்கு முடிஞ்சா முடிஞ்சது. 2018-ல வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 52,000-க்கும் மேல ஆட்கள், வழக்கமா உச்சம் வருதான்னு கேட்டதுல, பெண்களோட இருக்கற ஆண்கள்ல 95 சதவீதம் ஆமா, ஆண்களோட இருக்கற பெண்கள்ல 65 சதவீதம்தான். பெண்களுக்கு இயற்கையாவே கஷ்டம்னு சொல்றவங்க அடுத்த எண்ண பாக்கணும், பெண்ணோடயே உறவுல இருக்கற லெஸ்பியன் பெண்கள்ல அது 86 சதவீதம். அதே உடம்புதானே? என்ன மாறுதுன்னா, அங்க எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் இல்ல, கேட்டுத்தான் ஆகணும், சொல்லித்தான் ஆகணும். கிளிட்டோரிஸ், அதாவது பெண்ணுக்கு இன்ப உணர்ச்சி தர்ற உறுப்பு, வெளிய தெரியற சின்ன பகுதி மட்டும் இல்ல, உள்ள ரெண்டு பக்கமும் பரவியிருக்கற பெரிய உறுப்புன்னு ஹெலன் ஓ'கானல்ங்கற ஆஸ்திரேலிய டாக்டர் 1998-ல தெளிவா எழுதற வரைக்கும் பல மருத்துவ பாடப்புத்தகங்கள்லயே அது அரைகுறையாத்தான் இருந்துச்சு. டாக்டருக்கு படிக்கறவங்களுக்கே இந்த நிலைமைன்னா வீட்ல இருக்கற ரெண்டு பேர்கிட்ட போய் ஏன் தெரியலன்னு எப்படி கேக்கறது.

"எல்லாம் சரி, ஆனா ஆம்பளைக்கு ஆசை அதிகம், அது ஹார்மோன்"னு கமென்ட்ல கண்டிப்பா வரும். ஹார்மோனுக்கு பங்கே இல்லன்னு நான் சொல்லல. ஆனா மத்தியகால ஐரோப்பால பொண்ணுக்குத்தான் காமம் அதிகம், அவளைத்தான் அடக்கி வெக்கணும்னு படிச்சவங்களே நம்பினாங்க, அதே ஐரோப்பால 19-ம் நூற்றாண்டுல வில்லியம் ஆக்டன்னு ஒரு டாக்டர் பெரும்பாலான பெண்களுக்கு அந்த உணர்ச்சியே அவ்வளவா கிடையாதுன்னு எழுதினார். நடுவுல ஹார்மோன் மாறல, விதிதான் மாறுச்சு. இன்னொரு ஆய்வு 2003-ல, பொய் கண்டுபிடிக்கற மிஷின்ல மாட்டியிருக்கோம்னு நம்ப வெச்சு கேள்வி கேட்டப்போ ஆணும் பெண்ணும் தங்களோட அனுபவத்த பத்தி சொன்ன பதில்கள்ல வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாம போச்சு, பதில அடுத்தவங்க பாத்துடுவாங்கன்னு தோணினப்போதான் வித்தியாசம் பெருசா இருந்துச்சு.

"கொஞ்ச வருஷத்துல அவளுக்கு ஆசையே போயிடுச்சு"ன்னு சொல்ற கணவர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ரோஸ்மேரி பேஸன்னு ஒரு டாக்டர் 2000-ல சொன்னது, நிறைய பேருக்கு, முக்கியமா நீண்ட கால உறவுல இருக்கற பெண்களுக்கு, ஆசை முதல்ல வர்றதில்ல, நெருக்கமும் நிம்மதியும் இருந்தா தொட ஆரம்பிச்ச பிறகு வரும். அந்த நிம்மதி எங்கருந்து வரும்? 2022-ல வந்த ஒரு ஆய்வுல, வீட்டு வேலைல பெரும்பங்கு தன் தலைல இருக்குன்னு சொன்ன பெண்களுக்கு கணவன் மேல ஆசை குறைவா இருந்துச்சு, அதுக்கு ஒரு காரணம், அவர் துணையா தெரியாம, தான் பாத்துக்க வேண்டிய இன்னொரு ஆளா தெரிஞ்சதுதான். நாள் பூரா சாப்பிட்டியா, துணி எடுத்து வெச்சியா, மாத்திரை போட்டியான்னு யார பின்னாடி ஓடி ஓடி கவனிக்கறோமோ அவங்க மேலயே ராத்திரி காமம் வரணும்னா எப்படிங்க வரும். என் தோழிங்கள்ல பல பேர் இதை வேற வேற வார்த்தைல சொல்லி கேட்டிருக்கேன், யாருமே கணவர வெறுக்கல, அலுத்துப் போயிருக்காங்க அவ்வளவுதான்.

என்ன பண்ணலாம்னு கேட்டா, எங்க வீட்ல உதவினது பேச்சுதான், அதுவும் அந்த நேரத்துல இல்ல, பகல்ல, நடந்து போறப்போ, ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்காம பேசறது ஈஸியா இருந்துச்சு. நான் முதல் தடவை எனக்கு வேணும்னு வாய்விட்டு சொன்னப்போ அவர் முகத்துல வந்தது நிம்மதி, எப்பவும் தான்தான் கேக்கணும், மறுப்பையும் தான்தான் வாங்கிக்கணும்னு இருந்தது அவருக்கும் பாரமா இருந்திருக்கு. அவர் இன்னைக்கு வேணாம்னு சொன்னா நான் அதுக்கு காரணம் தேடறதில்ல. வேணாம்னு சொல்றவங்க, கூடவே தலை கோதட்டுமா, பக்கத்துல படுத்துக்கட்டுமான்னு தன்னால முடிஞ்சத சொல்லிட்டா, கேட்டவங்களுக்கு வலிக்கறதில்ல. வலின்னு சொன்னதும் ஞாபகம் வருது, உறவு வெக்கறப்போ உடம்பு வலிச்சா பொண்ணுன்னா பொறுத்துக்கணும்னு சொல்றவங்க பேச்ச தயவுசெஞ்சு கேக்காதீங்க, இடுப்புத்தள தசை இறுக்கம், தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியில வளர்றது)னு அதுக்கு மருத்துவ காரணங்கள் இருக்கு, சிகிச்சையும் இருக்கு, ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்தே போங்க.